திம்புள்ளத் தோட்டங்களில் பெண்ணுடலும் மருத்துவமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலையகத் தமிழர் பற்றி இதுகாறும் வெளிவந்த ஆய்வுகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் தொழிற்சங்க இயக்கம், குடியுரிமைப் பிரச்சினை, இலக்கிய வளர்ச்சி ஆகிய மூன்று துறைகளைச் சார்ந்தே அமைந்திருத்தலைக் காணலாம். இம்மூன்றிலும் பெண் இடம்பெறாமலில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்த அவளது உருவம் சங்கத்தின் சுவரொட்டியிலும் சிறுகதையின் அட்டையிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. ஆயின் அக்கூடையைச் சுமந்த உடல் எந்நோய்களுக்கு ஆளாயிற்று, அந்நோய்களை யார் எவ்வாறு கண்டறிந்தனர், எவற்றுக்கு மருந்து கிடைத்தது, எவற்றுக்குக் கிடைக்கவில்லை என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. அவற்றை மருத்துவரின் விடயமென நாம் ஒதுக்கிவிட்டோம்.

மருத்துவ ஆய்வும் ஒரு சமூக நடவடிக்கையே. நோயைக் கண்டறிதல் ஒரு வினாவுடன் தொடங்குகின்றது. அவ்வினாவை எழுப்புபவர் யார், எவருடைய தேவைக்காக அது எழுப்பப்படுகின்றது என்பவற்றைப் பொறுத்தே விடையும் அமையும். திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த பெண்களின் உடலை நோக்கி நூறாண்டுக்கு மேலாக இரண்டு வினாக்கள் விடாது எழுப்பப்பட்டு வந்துள்ளன. நாளைக் காலை இவள் மலைக்கு வருவாளா என்பது ஒன்று. இவள் இன்னும் எத்தனை பிள்ளை பெறுவாள் என்பது மற்றொன்று. இவளுக்கு என்ன நோகின்றது என்னும் மூன்றாவது வினா மிகப் பிந்தியே கேட்கப்பட்டது. கேட்கப்பட்டபோதும் அரைகுறையாகவே கேட்கப்பட்டது. இக்கூற்றை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோப்பியிலிருந்து தேயிலைக்கு

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம என விரிந்து செல்லும் மலைத்தொடரே திம்புள்ள எனும் தேயிலை மாவட்டமாக வணிக உலகில் அறியப்படுவது. ஏறத்தாழ 3,500 அடி முதல் 5,500 அடி வரை உயரமுள்ள இச்சரிவுகள் முதலில் கோப்பிக்காகவே வெட்டித் திறக்கப்பட்டன. கோப்பி பருவகாலப் பயிர். அறுவடைக் காலத்தில் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். அது முடிந்ததும் அவர்களுட் பலர் மன்னார் வழியாகத் தமிழகத்துக்குக் கால்நடையாகவே திரும்பினர். வந்து சென்றோருட் பெண்கள் சிறு தொகையினரே. அக்காலத்துத் தோட்டத்துரைக்கு வேண்டியிருந்தது வளர்ந்த ஆணின் உழைப்பு. அவ்வுழைப்பாளியைப் பெற்று வளர்த்த செலவு முழுவதும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களின் கிராமக் குடும்பங்களின் தலைமேல் விழுந்தது.

1869இல் கோப்பி இலைகளிற் பரவத் தொடங்கிய நோய் அடுத்த இரு தசாப்தங்களுள் அப்பயிரை அழித்தொழித்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. 1885இல் நானுஓயா வரை புகையிரதப் பாதை நீண்டபோது திம்புள்ளத் தேயிலை உலகச் சந்தையுடன் நேரடியாகப் பிணைக்கப்பட்டுவிட்டது. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்க்கும் செடி. கிழமைக்கொரு முறையோ பத்து நாட்களுக்கொரு முறையோ ஒவ்வொரு மலையிலும் கொழுந்து எடுத்தாக வேண்டும். எனவே வந்து போகும் ஆண்கள் கூட்டத்திற்குப் பதிலாக நிலையாகத் தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன. கொழுந்தெடுத்தல் பெண்களின் வேலையாக்கப்பட்டது. அவ்வேலைக்குக் குறைந்த கூலியும் விதிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமாகவும் பெண்ணுக்கு 43 சதமாகவும் பிள்ளைக்கு 32 சதமாகவும் இருந்தது. இவ்வேறுபாடு 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே நீங்கிற்று என்பது மனங்கொளத்தக்கது.

மேற்குறித்த கூலிப் பட்டியலில் ஆண், பெண், பிள்ளை மூவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். தேயிலைத் தோட்டம் உழைப்பாளியை வாங்கியதோடமையாது, தன் எல்லைக்குள்ளேயே அவனை உற்பத்தியும் செய்து கொண்டது. உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்தி தொழிலாளியின் குடும்பத்துக்குள் நிகழ்வது. மூலதனம் அதனைத் தொழிலாளியிடமே விட்டுவிடுகின்றது எனக் கார்ல் மார்க்ஸ் விளக்கினார். 1884இல் வெளிவந்த குடும்பம் பற்றிய தமது நூலின் முன்னுரையில் பிரெடெரிக் எங்கெல்ஸ், வாழ்வுச் சாதனங்களின் உற்பத்தியையும் மனிதரின் உற்பத்தியையும் வரலாற்றின் இரு முகங்களாகக் கொண்டார். மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளி மாலையில் ஆலையைவிட்டு வெளியேறித் தன் வாடகை அறைக்குச் சென்றான். அவ்வறை ஆலை முதலாளியின் நேரடிப் பார்வைக்கு அப்பாற்பட்டிருக்கலாம். திம்புள்ளத்திலோ மலை, தொழிற்சாலை, லயம், தண்ணீர்ப் பீலி, பிள்ளைக்காம்பரா, மருந்துச்சாலை, சுடுகாடு அனைத்தும் ஒரே நிருவாகத்தின் கீழிருந்தன. வரவுப் பதிவேடும் பிறப்பு இறப்புக் கணக்கும் ஒரே அலுவலகத்தில் எழுதப்பட்டன. எனவே இங்கு மூலதனம் மகப்பேற்றை வெளியில் நின்று பார்க்கவில்லை. அதனைத் தானே மேற்பார்வை செய்தது. பின்னர் நிகழ்ந்த மருத்துவ முயற்சிகள் யாவும் இந்த அமைப்புக்குள்ளேயே நிகழ்ந்தன.

2. சட்டம் கண்ட உடல்

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய முதற் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. கோப்பிக் காலத்தில் வழியிலும் தோட்டத்திலும் மடிந்தோரின் தொகை இந்திய, பிரித்தானிய அதிகாரிகளின் கண்டனத்துக்கு ஆளானமையே அதன் பின்னணி. 1880இலும் அதன் பின்னரும் அது திருத்தப்பட்டது. தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் தோன்றின. 1912இல் இயற்றப்பட்ட இரு கட்டளைச் சட்டங்கள், அதாவது மருத்துவத் தேவைகள் பற்றியதும் தொழிலாளரிடையேயான நோய்கள் பற்றியதும், இம்முறைமைக்கு நிலையான வடிவம் தந்தன.

பின்னைய சட்டத்தில் பெண்ணுக்கென ஒரு விதி உண்டு. தோட்டத்திற் பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் பிரசவத்தின் பின் 30 நாட்களுக்குப் போதிய உணவும் உறையுளும் வழங்குதல் தோட்டத்துரையின் கடமை. மருத்துவ அதிகாரி அவள் வேலைக்குத் தகுதியானவள் என முன்னரே சான்று வழங்கினாலன்றி, அந்நாட்களில் அவளை வேலைக்கு அனுப்பலாகாது. அக்காலத்தில் ஆசியாவின் பல பகுதிகளில் இத்தகைய விதியே இருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எனினும் அதன் அமைப்பை ஊன்றி நோக்குவோம். பிள்ளை பிறந்த பின்னரே சட்டம் அவளைக் காண்கின்றது. கருவுற்றிருந்த மாதங்களில் நிறைகூடையுடன் சரிவில் ஏறி இறங்கிய உடலைப்பற்றி அவ்விதி பேசவில்லை. மருத்துவரின் சான்றிதழும் நோயைக் குறித்ததன்று. வேலைக்குத் தகுதியைக் குறித்தது. கண்டறிதலின் முதல் வாய்பாடு இவ்வாறு சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றி எழுதியபோது, ஆலைகளில் நெடுநேரம் நின்று உழைத்த பெண்களின் இடுப்பெலும்பு கோணுதலையும் கருச்சிதைவுகளையும் மருத்துவர் சாட்சியங்களிலிருந்து எடுத்துக்காட்டினார். அங்கு விசாரணைக் குழுவினர் முன் மருத்துவர் சாட்சியமளித்தனர். பத்திரிகைகள் அவற்றை வெளியிட்டன. திம்புள்ளத் தோட்டத்தில் மருத்துவப் பணியாளர் தோட்டத்தின் சம்பளம் பெறுபவர். நோயாளியின் இரகசியத்தையும் நிருவாகத்தின் நலனையும் ஒருங்கே காக்க வேண்டிய நிலையில் அவர் வைக்கப்பட்டார். மருந்துச்சாலைக்குச் செல்ல வேலை நேரத்திலிருந்து விடுப்புப் பெறவேண்டும். விடுப்பைக் கங்காணியிடமோ கணக்குப்பிள்ளையிடமோ கேட்கவேண்டும். தீட்டு நிற்கவில்லை என்றோ, வெள்ளைபடுகின்றது என்றோ ஒரு பெண் கங்காணியிடம் எவ்வாறு சொல்வாள்? சொல்லாதவிடத்து நோய் இல்லையென்றே கணக்கில் எழுதப்படும்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் முன்னைய நிலையிலிருந்து முக்கியமான ஒரு முன்னேற்றம். பிரசவத்திற்கு முன்னரும் பின்னரும் கூலியுடன் கூடிய ஓய்வு உழைப்பாளியின் உரிமையாயிற்று. ஆயின் தோட்டங்களைப் பொறுத்தவரை, பணத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பிரசவ அறை, மருத்துவிச்சி, உணவு ஆகியவற்றை ‘மாற்று நன்மைகளாக’ வழங்க இடமளிக்கப்பட்டது. பிற்காலத் திருத்தங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பிரசவங்களுக்கு விடுமுறையைப் பாதியாகக் குறைத்தன. மூன்றாம் பிள்ளையைப் பெற்ற தாயின் உடல் முதற் பிள்ளையைப் பெற்ற தாயின் உடலைவிட விரைவில் தேறும் என எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. குடித்தொகைக் கொள்கையே மருத்துவ நியாயத்தின் இடத்தைக் கைப்பற்றிற்று. இவ்வேறுபாட்டை நீக்க 2018ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

3. சோகை: ஆய்வும் அளவுகோலும்

தோட்டப் பெண்களின் மகப்பேற்று நலத்தைக் கெடுத்த நோய்களுள் தலையாயது இரத்தச்சோகை. கருவுற்ற காலத்தில் ஒரு பெண்ணுக்கு மேலதிகமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகின்றது. மாதவிடாயினால் ஏற்படும் இழப்பு, அடுத்தடுத்த பிரசவங்கள், இறைச்சியும் கீரையும் குறைந்த உணவு, வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்தினூடாகப் புகும் கொக்கிப்புழு ஆகியன இத்தேவைக்கு எதிராக நின்றன. உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கின்றது என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். உலகிற்கு அவள் பறித்தனுப்பிய இலையின் தூளே அவளது குருதியையும் வெளிறச் செய்தது.

சோகையுற்ற தாய் பிரசவத்தின்போது ஏற்படும் குருதிப்பெருக்கைத் தாங்கமாட்டாள். பிறருக்கு ஆபத்தில்லாத அளவு இழப்பே அவளுக்கு உயிராபத்தாக முடியும். நிறைகுறைந்த குழந்தை பிறத்தலுக்கும் அது காரணமாகின்றது. எனவே சோகையைக் கண்டறிதலும் தீர்த்தலும் இப்பகுதிப் பெண்களின் வாழ்வா சாவா என்னும் பிரச்சினையாக இருந்தன.

இத்துறையில் முதற் பெருமுயற்சி 1916இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் ஆரம்பித்த கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். லயங்களில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி மலத்தைப் பரிசோதித்து மருந்தூட்டினர். நோய் பரவியிருந்த அளவை அது முதன்முறையாக வெளிப்படுத்திற்று. ஆயின் மருந்துக்கு இசைந்த துரைமார் பலர் கழிப்பிடங்கள் கட்டும் செலவுக்கு இசையவில்லை. மண்ணில் புழு எஞ்சியது. மருந்துண்டவர் மீண்டும் நோயுற்றனர். நோயின் காரணம் புழு என ஆய்வு கூறிற்று. புழுவின் காரணம் கழிப்பிடமற்ற லயம் என்னும் அடுத்த படிக்குச் செல்ல உற்பத்தி உறவு இடந்தரவில்லை.

இதே காலப்பகுதியில் அண்டை நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு ஒப்புநோக்கத்தக்கது. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவ அறிஞர் லூசி வில்ஸ், அங்குள்ள ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் தோன்றிய கடுஞ்சோகையை ஆராய்ந்தார். அவர்கள் எதை உண்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அவர் முதலில் கேட்டறிந்தார். கிருமியே காரணமென்னும் ஊகத்தைச் சோதித்து ஒதுக்கி, உணவுக் குறைபாட்டை நோக்கி நகர்ந்தார். மார்மைட் எனும் மலிவான நொதிச் சாறு நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அதில் மறைந்திருந்த பொருளே 1941இல் பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் மாத்திரையின் வரலாறு ஒரு தொழிலாளர் குடியிருப்பின் உணவுக் கலயத்திலிருந்து தொடங்குகின்றது. வினா மாறியபோது விடையும் மாறியதற்கு இது சிறந்த சான்று.

மீண்டும் இலங்கைத் தோட்டத்திற்கு வருவோம். 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எட்ஜெர்ட்டன், கார்ட்னர் முதலிய அமெரிக்க ஆய்வாளரும், பேராதனையில் மருத்துவம் போதித்த பிரயன் செனவிரத்ன உள்ளிட்ட இலங்கையரும் இணைந்தெழுதிய ஆய்வொன்று வெளியாயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருள் ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும், மறு சாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நாளொன்றுக்கு எவ்வளவு கொழுந்து பறிக்கப்பட்டதென நிறுத்துப் பார்த்தனர். குருதியின் நிறப்பொருள் அளவு உயர்ந்தபோது கொழுந்தின் நிறையும் உயர்ந்தது. டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரையே நிறப்பொருள் கொண்டிருந்த கடுஞ்சோகையாளரிடம் முன்னேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது.

முறையியல் நோக்கில் இது சீரிய ஆய்வு. மருத்துவ இலக்கியத்தில் இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுவது. சோகையுற்றோரின் ‘சோம்பல்’ என நிருவாகம் ஏசியது உண்மையில் நோயே என அது நிறுவிற்று. ஆயினும் அதன் அளவுகோல் எதுவென நோக்குவோம். பெண்ணின் குருதி தேயிலைத் தராசில் நிறுக்கப்பட்டது. இரும்பு மாத்திரைக்குச் செலவிடும் பணம் கூடுதல் கொழுந்தாகத் திரும்பும் என்னும் வாதமே கொள்கை வகுப்போரிடம் செல்லுபடியாகும் என்பதை ஆய்வாளர் அறிந்திருந்தனர். பொருளாதாரப் பயனை அவர்கள் வலியுறுத்தியதும் அதனாலேயே. எனினும் அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் பதிவுசெய்தது. 24 மணிநேர உடலியக்கத்தை அளந்தபோது, இரும்பு பெற்றோர் மற்றவர்களைவிட மிகுதியாக இயங்கியமை தெரியவந்தது. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பிய பின்னும் நீடிக்கும் அவ்வுயிர்ப்பு எவருடைய இலாபக் கணக்கிலும் சேராதது. உற்பத்திக்காக வழங்கப்பட்ட மருந்து உற்பத்திக்கு அப்பாற்பட்ட வாழ்வையும் மீட்டது. ஆய்வின் மிகப் பெறுமதியான முடிவு இதுவே என நாம் கருதுகின்றோம்.

4. டயகம: எண்ணப்பட்ட பிறப்புகள்

நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் 1940களும் 1950களும் பெருமாற்றக் காலமாகும். 1940களின் முற்பகுதியில் இலங்கையில் 1,00,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950களின் முற்பகுதியில் இத்தொகை 600க்குக் கீழ் வீழ்ந்தது. இலவச வைத்தியசாலைகள், மலேரியா ஒழிப்பு, பெனிசிலின், குருதியேற்றம், யாவற்றினும் மேலாகக் கிராமந்தோறும் வீடுவீடாகச் சென்ற குடும்பநல மருத்துவிச்சியர் ஆகியோர் இச்சாதனைக்குக் காரணமாயினர். ஆயின் அந்த மருத்துவிச்சியின் பாதை நெடுங்காலம் தோட்டத்தின் எல்லைக்கல்லுடன் நின்றுவிட்டது. எல்லைக்குள்ளே சுகாதாரம் நிருவாகத்தின் பொறுப்பு. இந்த இரட்டை அமைப்பே, நாட்டின் சராசரி உயர்ந்தபோது தோட்டங்கள் பின்தங்கியமைக்கு அடிப்படைக் காரணமாகும்.

இதே காலத்தில் 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்கள் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கின. வாக்குரிமை இழந்த மக்களின் சுகாதாரம் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரின் கவலையாகவும் இருக்க வேண்டியதில்லை. இச்சூழலிலேயே 1958இல் இலங்கை அரசும் சுவீடன் அரசும் குடும்பத்திட்ட முன்னோடி முயற்சிக்கான ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. ஒரு நாடு பிறிதொரு நாட்டிற்கு இத்துறையில் உதவிய முதன்முயற்சிகளுள் இது ஒன்று. இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட களங்கள் இரண்டு: மேல் மாகாணத்தில் பண்டாரகம எனும் கிராமப்பகுதி, திம்புள்ளத்தின் கோடியில் டயகமத் தோட்டப்பகுதி. உலகக் குடித்தொகை ஆய்வு வரலாற்றில் டயகம இடம்பெற்றது இவ்வாறே.

பிள்ளைப்பேற்றைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் வழி பெண்ணுக்குக் கிடைத்தல் விடுதலையின் ஓர் அம்சம் என்பதில் ஐயமில்லை. 1953இல் தோன்றிய குடும்பத்திட்டச் சங்கத்தில் உழைத்த டாக்டர் சிவா சின்னத்தம்பி போன்ற பெண் மருத்துவர், ஓயாத பிரசவங்களால் நலிந்த தாய்மாரை நேரிற் கண்டே இப்பணியில் இறங்கினர். அடுத்தடுத்த பிரசவங்களைத் தவிர்த்தல் சோகையையும் கருப்பை இறக்கத்தையும் தாய் மரணத்தையும் குறைக்கும் என்பது மருத்துவ உண்மை. நமது விமரிசனம் கருத்தடையைப் பற்றியதன்று. அது எவ்வுறவுக்குள் வழங்கப்பட்டது என்பதைப் பற்றியது. முன்னோடித் திட்டமொன்றின் வெற்றி பிறப்பு விகிதத்தின் வீழ்ச்சியினால் அளக்கப்படும். தாயின் முதுகுநோவும் வெள்ளைபடுதலும் அவ்வளவீட்டின் பகுதியல்ல.

அரசியல் அரங்கிலும் பிறப்பு எண்ணப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமென வகுத்தபோது, அவர்களது இயற்கைப் பெருக்கத்தையும் அதே கணக்கிற் சேர்த்தது. லயக் காம்பராவிற் பிறக்கவிருந்த பிள்ளை, பிறக்குமுன்னரே இரு அரசுகளுக்கிடையிலான விகிதாசாரத்தின் ஓர் உறுப்பாயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1973–74 உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை ஏற்படுத்திற்று. 1980ஆம் ஆண்டளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு வழங்கிய ஊக்கப்பணம் 500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வசதியுள்ள குடும்பத்திற்கு இது ஒரு சிறு தொகை. நாட்கூலிப் பெண்ணுக்கோ கடனை அடைக்கும் வழி. அடுத்து வந்த ஆண்டுகளின் கணக்கெடுப்புகள், தோட்டத்துறையில் பெண்களின் நிரந்தரக் கருத்தடை நாட்டின் பிற பகுதிகளைவிட மிகுந்திருப்பதையும், தற்காலிக முறைகள் ஒப்பீட்டளவிற் குறைந்திருப்பதையும் தொடர்ந்து காட்டின. ஆணுக்குரிய எளிய சத்திரசிகிச்சையைவிடப் பெண்ணுடலே தெரிவுசெய்யப்பட்டது. பசித்தவள் பணத்துக்கு இசைவதைச் சுதந்திரமான சம்மதம் எனக் கொள்ளலாமா என்பது சட்டக் கேள்வி மட்டுமன்று, வர்க்கக் கேள்வியுமாகும்.

5. நோயுரையும் மொழியும்

மருத்துவர் கருவியை எடுக்குமுன் நோயாளியின் சொல்லைக் கேட்கின்றார். மகப்பேற்று மருத்துவத்தில் இது இன்னும் இன்றியமையாதது. கடைசி மாதவிடாயின் முதல் நாளைக் கொண்டே பிரசவ நாள் கணிக்கப்படுகின்றது. குருதிப்போக்கின் அளவும் காலமும் பெண்ணின் வாய்ச்சொல்லாலேயே அறியப்படுகின்றன. ஆகவே நோயைக் கண்டறிதல் ஒருவகையில் மொழி நிகழ்வு. இங்குத் தமிழாய்வாளருக்கும் ஓர் இடமுண்டு.

மலையகப் பேச்சுமொழியில் பெண்ணுடல் பற்றிய சொற்கள் பெரும்பாலும் மறைமொழியாகவே அமைந்துள்ளன. மாதவிடாய் ‘வீட்டுக்குத் தூரம்’ எனப்படும். கருவுற்றவள் ‘முழுகாமல் இருக்கிறாள்’. தீட்டுக்குப் பின் தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த தொடர் அது. காலக்கணக்கும் நாட்காட்டியின் வழியன்றி, சம்பள நாள், கவ்வாத்து, மாசி மாதக் காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா ஆகியவற்றின் வழியே நினைவில் நிற்கும். காமன் கூத்துக்கு முன் முழுகியது எனப் பெண் கூறுவாளாயின், அதில் துல்லியமான மருத்துவத் தகவல் உண்டு. கேட்பவருக்கு அம்மொழி தெரியாதபோது அத்தகவல் அழிகின்றது. பதிவேட்டில் ‘நாள் தெரியவில்லை’ என்னும் குறிப்பே எஞ்சும். அறியாமை யாருடையது என்பதைப் பதிவேடு சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சீட்டு 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் சிங்களத்திற்கு மாறியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் மலைநாட்டு வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் மருத்துவரும் தாதியரும் போதாமை நீடித்தது. பல வேளைகளில் கணவனோ பள்ளி செல்லும் மகளோ மொழிபெயர்ப்பாளராக நின்றனர். மகன் பக்கத்தில் நிற்கத் தன் கருப்பை இறங்கியதைத் தாய் சொல்லமாட்டாள். சத்திரசிகிச்சைக்கான இசைவுத் தாளில் கைநாட்டு வைக்கப்பட்டபோது, அது நிரந்தரமானது என்பது எம்மொழியில் விளக்கப்பட்டது என்ற கேள்வியும் இதனோடு இணைந்ததே.

பெண்ணின் சொல்லுக்குப் பொது அரங்கு கிடைத்த தருணங்களும் உண்டு. 1931இல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் அமைத்தபோது, மீனாட்சியம்மாள் மேடைகளில் பாடியும் பேசியும் தொழிலாளரின் துயரை வெளிக்கொணர்ந்தார். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தகைய தொகுப்புகளை நாம் இதுவரை இலக்கிய நயத்துக்காகவும் வர்க்க உணர்வுக்காகவும் படித்துள்ளோம். பிரசவம், பிள்ளைச்சாவு, உடற்சோர்வு ஆகியன பற்றிய சான்றாதாரங்களாகவும் அவற்றைப் படித்தல் வேண்டும். 1982இல் சர்வதேசத் தொழில் நிறுவனத்திற்காக ரேச்சல் குரியன் தோட்டப் பெண்கள் பற்றி எழுதிய ஆய்வு, மலையிலும் வீட்டிலுமாக அவர்கள் சுமக்கும் இரட்டை வேலைநாளை வெளிப்படுத்தியது. அவ்வேலைநாளின் நீளமே நோய்க்குக் காரணமாதலையும், மருத்துவரிடம் செல்ல நேரமில்லாது போவதையும் ஒருங்கே விளக்குகின்றது.

6. முடிவுரை

1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையுடன் இணைக்கும் பணி ஆரம்பமாகிப் படிப்படியாக நிகழ்ந்தது. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. இன்று தோட்டப் பெண்களின் பிரசவங்கள் ஏறத்தாழ யாவும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. இவை மக்களின் போராட்டத்தாலும் பொதுச் சுகாதாரத்தாலும் கிட்டிய பேறுகள்; அவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு.

பிரசவத்தோடு தொடர்பற்ற நோய்களை நோக்கி அரசு திரும்பியது 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் மூலமாகும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் பப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியன அங்குக் கவனிக்கப்படுகின்றன. பப்பனிக்கொலோவும் டிராவுட்டும் அப்பரிசோதனையை விளக்கி நூலெழுதியது 1943இல். தோட்டப் பெண்ணை அது வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 2017 முதல் அந்நோய்க்கெதிரான தடுப்பூசி பள்ளிச் சிறுமியருக்கு வழங்கப்படுகின்றது. தாய்மார் பெறாத காப்பை மகளிர் பெறுகின்றனர்.

பிள்ளை பெறுபவளாகவோ கொழுந்து பறிப்பவளாகவோ அன்றி, நோயுறும் மனிதப் பிறவியாகப் பெண்ணைக் காணும் அமைப்பு இதுவேயாதலின் இதன் முக்கியத்துவம் பெரிது. ஆயின் சிகிச்சை நிலையம் வேலைநாளிற் கூடுமாயின், அங்குச் செல்பவள் அன்றைய பேரை இழக்கின்றாள். பரிசோதனை இலவசம், பரிசோதனைக்குச் செல்லும் நாள் இலவசமன்று. நோயற்றவளாகத் தன்னை உணரும் ஒருத்தி, வரக்கூடிய நோயைத் தேடுவதற்காக ஒருநாட் கூலியை விட்டுக்கொடுப்பாள் என எதிர்பார்ப்பது வர்க்க நிலைமையை மறப்பதாகும்.

எனவே மூன்று கோரிக்கைகள் இவ்வரலாற்றிலிருந்து எழுகின்றன. பரிசோதனை நாள் கூலியுடன் கூடிய நாளாக்கப்படல் வேண்டும். 1912இலும் 1939இலும் பிரசவத்திற்கு ஏற்கப்பட்ட நியாயம் பரிசோதனைக்கும் பொருந்தும். நோயுரை கேட்கும் இடத்தில் பெண்ணின் மொழியறிந்த, குடும்பத்தைச் சாராத பெண் ஊழியர் இருத்தல் வேண்டும். இனி நடைபெறும் மருத்துவ ஆய்வுகளின் அளவுகோல்களை வகுப்பதில் தோட்டப் பெண்களே பங்குபற்றல் வேண்டும். கொழுந்தின் நிறையும் பிறப்பின் தொகையும் அளக்கப்பட்ட அதே கவனத்துடன் அவர்களது நோவும் அளக்கப்படல் வேண்டும். தமிழாய்வாளராகிய நமக்கும் இதில் ஒரு பணியுண்டு. மலையகப் பெண்கள் தம் உடலைப் பற்றிப் பேசும் சொற்களையும் காலக்கணக்கையும் தொகுத்து, மருத்துவ மாணவரின் கையிற் கொடுத்தல் எமது துறையால் இயலக்கூடியது. அச்சொற்களை அறிந்த மூத்த பெண்கள் லயங்களில் இன்னும் வாழ்கின்றனர். அவர்களுள் பலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.